பசையிட்டு மூடிய பாடம்

உபாத்தியாயர் உத்தியோகத்தில் நாம் பல வேலைகள் பார்த்திருக்கிறோம். ஜனத்தொகைக் கணக்கு எடுத்திருக்கிறோம். வோட்டுச் சாவடியில் இரவு முழுவதும் கொசுவுடன் போராடியிருக்கிறோம். 2015-ம் வருஷம் டிசம்பர் மாதத்தில் அடையாறு பெருக்கெடுத்து முடிச்சூர்ப் பக்கம் முழுகியபோது, வகுப்பறையில் தங்கியிருந்த ஜனங்களுக்கு வந்த சாம்பார் சாத அண்டாவுக்குக் காவலும் இருந்திருக்கிறோம். இவையெல்லாம் இந்த உத்தியோகத்தில் சகஜம். செய்தோம், செய்ததற்காக வருத்தப்படவும் இல்லை.

ஆனால் 2011-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் செய்த ஒரு வேலையை நினைத்தால் மாத்திரம் இன்றைக்கும் மனம் கூசுகிறது. அந்த மாதம் நாம் பாடப் புத்தகங்களுக்குப் பசை தடவினோம்.

பள்ளிக்கூடத்தின் பெயர் வேண்டாம். அந்த வருஷத்தில் தமிழ்நாட்டில் எத்தனையோ பள்ளிக்கூடங்களில் நடந்ததுதான் அங்கேயும் நடந்தது. உபாத்தியாயர்கள் அறையில் ஆறு பேர் வட்டமாக உட்கார்ந்திருந்தோம். நடுவில் புதுப் புத்தகங்கள் மலைபோல் குவிந்து கிடந்தன. ஒரு பக்கம் பசைக் குப்பிகள். மற்றொரு பக்கம் கத்தரிக்கோலும் கறுப்பு மையும். எந்த வகுப்புக்கு எந்தப் புத்தகம், எந்தப் பக்கத்தில் எந்த வரி என்று ஒரு ஜாபிதா வந்திருந்தது. சில வரிகளை மையால் அடிக்க வேண்டும். சில பகுதிகளின் மேல் காகிதம் ஒட்ட வேண்டும். சில ஏடுகளைக் கிழித்தே எடுத்துவிட வேண்டும்.

கணக்கு உபாத்தியாயர் ஒரு புத்தகத்தை ஒட்டி முடித்துக் கையை உதறிக்கொண்டு சொன்னார்: "பி.எட். பரீட்சையில் இதற்கும் ஒரு செய்முறைத் தேர்வு வைத்திருக்கலாம், ஸார்! பழக்கமில்லாமல் கையெல்லாம் ஒட்டிக் கொள்கிறது."

எல்லாரும் சிரித்தோம். நாமும் சிரித்தோம். அந்தச் சிரிப்பையும் இப்போது நினைத்தால் அவ்வளவு நன்றாக இல்லை.

என்ன நடந்தது?

மறந்து போன நேயர்களுக்காக விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம்.

அக்காலத்தில் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் நான்கு ஜாதிப் பாடத் திட்டங்களில் படித்துக் கொண்டிருந்தார்கள்: ஸ்டேட் போர்டு, மெட்ரிகுலேஷன், ஆங்கிலோ-இந்தியன், ஓரியண்டல். ஒரே தெருவில் அடுத்தடுத்த வீட்டுக் குழந்தைகள் வெவ்வேறு புத்தகம் படித்தார்கள். இந்தப் பேதத்தை ஒழிக்க வேண்டுமென்று நெடுநாளாகப் பேச்சு இருந்து வந்தது. கல்வியாளர் எஸ். முத்துக்குமரன் தலைமையில் ஒரு கமிட்டி ஆராய்ந்து யோசனை சொல்லிற்று. 2010-ம் வருஷம் சமச்சீர் கல்விச் சட்டம் நிறைவேறி, அந்த வருஷமே 1-ம் வகுப்பிலும் 6-ம் வகுப்பிலும் பொதுப் பாடம் வந்தது. 2011-ம் வருஷம் 10-ம் வகுப்பு வரையில் மற்ற வகுப்புகளுக்கும் வருவதாக ஏற்பாடு. கோடிக்கணக்கான ரூபாய்ச் செலவில் புத்தகங்களும் அச்சாகிவிட்டன.

அந்த மே மாதம் தேர்தலில் ஆட்சி மாறியது. முதலமைச்சர் கருணாநிதியின் சர்க்கார் போய், ஜெயலலிதாவின் சர்க்கார் வந்தது. புதிய பாடங்களில் தரம் போதவில்லை என்று சொல்லி, ஜூன் மாதத்தில் சட்டசபையில் ஒரு திருத்தம் கொண்டு வந்து திட்டத்தை நிறுத்தி வைத்தார்கள். பெற்றோர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். ஜூலை 18-ந் தேதி சென்னை ஹைகோர்ட்டு அந்தத் திருத்தம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. சர்க்கார் அப்பீல் செய்தது. ஆகஸ்டு 9-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு, பத்து நாட்களுக்குள் சமச்சீர் கல்வியை அமுலுக்குக் கொண்டு வர வேண்டும் என்று முடிவாகச் சொல்லிவிட்டது.

பள்ளிக்கூடங்கள் திறந்ததோ ஜூன் 15-ந் தேதி. இடைப்பட்ட நாட்களில் லட்சோபலட்சம் பிள்ளைகள் புத்தகமில்லாத பையுடன் பள்ளிக்கு வந்து போனார்கள். நாம் கதை சொன்னோம், விடுகதை போட்டோம், வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொன்னோம், பத்திரிகையைப் படித்து அர்த்தம் சொன்னோம். கடைசியில் புத்தகம் வந்தது. கூடவே ஜாபிதாவும் வந்தது.

காகிதத்துக்கு அடியில் போனவற்றில் முக்கியமானவை முன்னாள் முதலமைச்சரின் செய்யுளும் அவரைப் பற்றிய குறிப்புகளுமே. இவ்விடத்தில் நடுநிலையாக ஒன்று சொல்ல வேண்டும். பதவியில் இருக்கும் ஒருவர், தம்முடைய அதிகாரத்தின் கீழ் அச்சாகும் பாடப் புத்தகத்தில் தம்முடைய பாட்டையும் தம்முடைய புகழையும் சேர்க்க அனுமதித்தது சரியல்ல. அவர் தமிழ் எழுத்தாளர் என்பதில் சந்தேகமில்லை. ஆயினும் அவர் எழுத்தைப் பாடமாக வைப்பதற்குக் காலம் இருக்கிறது. அந்தத் தீர்ப்பை வேறொருவர் கையில் விட்டிருக்க வேண்டும்.

முதல் தவறு அது. ஆனால் அந்தத் தவறைத் திருத்துவதற்கு ஆயிரம் வழி உண்டு. அடுத்த பதிப்பில் எடுத்துவிடலாம். 'இந்தப் பாடம் பரீட்சைக்கு இல்லை' என்று ஒரு சுற்றறிக்கை அனுப்பலாம். அப்படிச் செய்யாமல், குழந்தைகள் கண்ணெதிரில் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் புறப்பட்டதுதான் இரண்டாவது தவறு. அந்த இரண்டாவது தவறுக்கு நாமும் கை கொடுத்தோம்.

"அடியில் என்ன ஸார்?"

புத்தகம் கொடுத்த அன்று எட்டாம் வகுப்பில் ஒரு பெண், முன் பெஞ்சியில் உட்காருகிறவள், ஒட்டிய ஏட்டை எடுத்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள். பிறகு கையைத் தூக்கினாள்.

"இதுக்கு அடியில் என்ன இருக்கிறது, ஸார்?"

"அது உங்களுக்குப் பாடம் இல்லை, அம்மா."

"பாடம் இல்லையென்றால் ஏன் ஸார் அச்சடித்தார்கள்?"

இந்தக் கேள்விக்கு நம்மிடம் பதில் இல்லை. "அடுத்த பக்கத்தைத் திருப்பு" என்றோம். இருபது வருஷம் படித்து வாங்கிய பட்டமெல்லாம் அந்த ஒரு வாக்கியத்தில் வந்து நின்றது.

மறுநாள் வகுப்புக்குப் போனால், பாதிப் புத்தகங்களில் காகிதத்தைக் காணோம்! ஈரத் துணி வைத்து உரித்தவர்கள் சிலர். இட்டிலிக் கொப்பரை ஆவியில் காட்டி எடுத்தவர்கள் சிலர். ஆவி முறையில் எழுத்து அழியாமல் காகிதம் தனியாக வந்துவிடுகிறது என்று ஒரு பையன் நமக்கே விளக்கம் கொடுத்தான். விஞ்ஞானப் பாடத்தில் இத்தனை சிரத்தையை அவனிடம் நாம் முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. ஒட்டாமல் விட்டிருந்தால் அந்தப் பக்கத்தை வகுப்பில் நாலு பேர்கூடப் படித்திருக்கமாட்டார்கள். ஒட்டியதனால் நாற்பது பேரும் படித்தார்கள்.

பாரதிக்கு வந்த தடை

எழுத்தை மறைக்கும் ஆசை நமது நாட்டில் புதிதாக வந்ததல்ல. 1928-ம் வருஷத்தில் சுப்பிரமணிய பாரதியாரின் தேசிய கீதங்களை முதலில் பர்மா சர்க்கார் தடை செய்தது. அதைப் பின்பற்றிச் சென்னை சர்க்காரும் செப்டம்பர் மாதத்தில் தடை விதித்தது. கவிஞர் காலமாகி அப்போது ஏழு வருஷம் ஆகியிருந்தது! உயிரோடு இருந்தவரைக்கும் அவரைப் பாண்டிச்சேரிக்குத் துரத்தினார்கள். இறந்த பிறகு அவருடைய புத்தகத்தைத் துரத்தினார்கள். போலீஸார் சோதனை போட்டுப் பிரதிகளை அள்ளிக்கொண்டு போனார்கள்.

சட்டசபையில் எஸ். சத்தியமூர்த்தி இதைக் கண்டித்துப் பெரும் போர் தொடுத்தார். சபையின் பெரும்பான்மை அவர் பக்கம் நின்றது. தடை நெடுநாள் நிலைக்கவில்லை. நிலைத்திருந்தாலும் பிரயோஜனம் இருந்திராது. ஏனென்றால் அந்தப் பாட்டுக்கள் அதற்குள் புத்தகத்தை விட்டு வெளியேறி, பஜனைக் கோஷ்டியிலும் பொதுக் கூட்டத்திலும் குழந்தைகளின் வாயிலும் குடியேறிவிட்டன. அச்சகத்தைச் சோதனை போடலாம். தொண்டையைச் சோதனை போட முடியுமா? 1949-ம் வருஷத்தில் அதே சென்னை ராஜதானியின் சர்க்கார், சுதந்திர நாட்டின் சர்க்காராக, பாரதியின் நூல்களுக்குரிய உரிமையைத் தானே வாங்கிக் கொண்டது. பிற்பாடு அவற்றை ஜனங்கள் எல்லாருக்கும் பொதுச் சொத்தாக ஆக்கியும் விட்டார்கள். இன்றைக்குப் பாரதி இல்லாத தமிழ்ப் பாட புத்தகம் உண்டா?

இத்துடன் நிறுத்திக்கொண்டு, 'வெள்ளைக்காரன் தடை செய்தான். நாம் விடுவித்தோம்' என்று மார் தட்டிக்கொள்ள நமக்கும் ஆசைதான். ஆனால் சரித்திரம் இடம் கொடுக்கவில்லை. புலவர் குழந்தை இராவணனைத் தலைவனாக வைத்துப் பாடிய இராவண காவியம் 1946-ம் வருஷம் வெளிவந்தது. 1948-ம் வருஷத்தில், அதாவது சுதந்திரம் வந்த மறு வருஷத்தில், நம்மவர் சர்க்காரே அதைத் தடை செய்தது. அந்தத் தடை நீங்க 1971-ம் வருஷம் வரையில் காத்திருக்க வேண்டியதாயிற்று. ராமனைத் தெய்வமாகக் கொண்டாடும் வீட்டில் பிறந்தவர்கள் நாம். ஆயினும் கேட்கிறோம்: கம்பனுடைய காவியத்துக்குப் பாதுகாப்பு வேண்டுமென்றால் அதைப் போலீஸ்காரரா கொடுக்க வேண்டும்? கம்பனே போதாதா?

மனம் புண்படுகிறது என்றால்?

ஆட்சிக்காரர்கள் தங்கள் சௌகரியத்துக்காக மறைப்பது ஒரு ரகம். அதைக் கண்டிப்பது சுலபம். கஷ்டமான ரகம் இன்னொன்று இருக்கிறது. 'இந்தப் பாடம் எங்கள் மனத்தைப் புண்படுத்துகிறது' என்று ஜனங்களே எழுந்து சொன்னால் என்ன செய்வது?

2012-ம் வருஷம் மே மாதத்தில் பார்லிமெண்டில் இப்படி ஒரு புயல் அடித்தது. என்.சி.இ.ஆர்.டி. வெளியிட்ட 11-ம் வகுப்பு அரசியல் புத்தகத்தில், சங்கர் 1949-ம் வருஷத்தில் வரைந்த ஒரு சித்திரம் இருந்தது. அரசியல் சட்டம் என்ற நத்தையின் மேல் டாக்டர் அம்பேத்கர் சவுக்குடன் உட்கார்ந்திருக்கிறார். பின்னால் நேருவும் சவுக்குடன் நிற்கிறார். சட்டம் எழுதி முடிக்கத் தாமதமாகிறதே என்ற கேலிதான் சித்திரக்காரரின் நோக்கம். ஆனால் காலங்காலமாகச் சவுக்கடி பட்ட ஜனங்களின் கண்ணுக்கு அந்தச் சவுக்கு வேறு விதமாகத் தெரிந்தது. சிதம்பரம் தொகுதி அங்கத்தினர் தொல். திருமாவளவன் இந்த ஆட்சேபத்தை லோக்சபையில் கிளப்பினார். மந்திரி கபில் சிபல் மன்னிப்புக் கேட்டார். புத்தக விநியோகம் நின்றது. புத்தகத்தின் பிரதம ஆலோசகர்களான யோகேந்திர யாதவும் சுகாஸ் பல்ஷிகரும் ராஜிநாமாச் செய்தார்கள். பூனாவில் பல்ஷிகரின் அலுவலகத்துக்குள் சிலர் புகுந்து சாமான்களை உடைத்தார்கள்.

அந்தப் புயல் அடங்குவதற்குள் நமது தமிழ்நாட்டில் இன்னொன்று கிளம்பிற்று. 12-ம் வகுப்புப் புத்தகத்தில், 1965-ம் வருஷத்து ஹிந்தி எதிர்ப்புக் கிளர்ச்சியைப் பற்றி ஆர்.கே. லக்ஷ்மண் வரைந்த சித்திரம், கிளர்ச்சி செய்த மாணவர்களைக் கேலி செய்கிறது என்பது குற்றச்சாட்டு. எந்த விஷயத்திலும் ஒன்று சேராத நமது கட்சித் தலைவர்கள் எல்லாரும் இந்த ஒரு விஷயத்தில் ஏக குரலில் கண்டித்தார்கள். பேராசிரியர் தோரட் தலைமையில் ஒரு கமிட்டி ஏற்பட்டு, பல சித்திரங்களை நீக்கலாம் என்று சிபார்சு செய்தது. அந்தக் கமிட்டியில் மாறுபட்ட அபிப்பிராயம் எழுதியவர் ஒருவர் உண்டு. அவர் எம்.எஸ்.எஸ். பாண்டியன் என்ற தமிழர். திராவிட இயக்கத்தின் சரித்திரத்தை ஆயுள் முழுவதும் அநுதாபத்துடன் ஆராய்ந்தவர். ஹிந்தி எதிர்ப்பை இழிவு செய்ய வேண்டுமென்ற எண்ணம் அவருக்கு இருந்திருக்குமென்று யாரும் சொல்ல முடியாது.

இன்னும் சிக்கலான ஒரு வழக்கும் உண்டு. திருவிதாங்கூரில் நாடார் குலத்துப் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காக 19-ம் நூற்றாண்டில் பல பத்து வருஷங்கள் போராடினார்கள். அடி பட்டார்கள், சந்தைகளில் அவர்களுடைய துணி பிடுங்கப்பட்டது. கடைசியில் 1859-ம் வருஷம் மகாராஜாவின் பிரகடனத்தினால் அந்த உரிமை கிடைத்தது. இந்தச் சரித்திரம் என்.சி.இ.ஆர்.டி.யின் 9-ம் வகுப்புப் புத்தகத்தில் உடையைப் பற்றிய பாடத்தில் இடம் பெற்றிருந்தது. ஆனால் நாடார்களை வேறிடத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள் என்று வர்ணித்த வாசகமும், இழிவாகக் கருதப்படும் பழைய பெயரும் அந்தச் சமூகத்தாருக்கு ஆத்திரமூட்டின. வழக்கு சென்னை ஹைகோர்ட்டு வரையில் போயிற்று. 2016-ம் வருஷம் டிசம்பர் மாதத்தில் சி.பி.எஸ்.இ. அந்தப் பகுதியைப் பாடத்திலிருந்து நீக்கிச் சுற்றறிக்கை விட்டது. பிற்பாடு, 2019-ல், பாடச் சுமையைக் குறைப்பதாகச் சொல்லி அந்த அத்தியாயமே எடுக்கப்பட்டது.

பலனை யோசித்துப் பாருங்கள். ஆட்சேபித்தவர்கள் கேட்டது தங்கள் கௌரவத்தை. அது நியாயமான கோரிக்கை. தவறான வாசகம் இருந்தால் திருத்தித்தான் ஆக வேண்டும். ஆனால் வாசகத்தைத் திருத்துவதற்குப் பதிலாகப் பாடத்தையே எடுத்ததனால், அடித்தவர்கள் யார், அடி பட்டும் பணியாதவர்கள் யார் என்ற கதையும் சேர்ந்து போய்விட்டது. வீரப் பாட்டிமார்களின் சரித்திரம் பேத்திகளுக்குக் கிடைக்காமற் போயிற்று. இதனால் நிம்மதி அடைந்தவர்கள் யார் என்று கேட்டால், அடித்தவர்களின் வாரிசுகள் என்றுதான் சொல்ல வேண்டும்.

2022-ம் வருஷத்துக்குப் பிறகு டில்லியில் நடந்த வெட்டுகளையும் இந்த வரிசையில் வைத்துப் பார்க்கலாம். மொகலாய அரசவையைப் பற்றிய அத்தியாயம் 12-ம் வகுப்பிலிருந்து போயிற்று. 2002-ம் வருஷத்துக் குஜராத் கலவரத்தைப் பற்றிய பகுதி போயிற்று. 10-ம் வகுப்பு விஞ்ஞானத்திலிருந்து டார்வினின் பரிணாமத் தத்துவமும் போயிற்று. சுமையைக் குறைக்கிறோம் என்றார்கள். ஆயிரத்துக்கு மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் ஆட்சேபித்துக் கையெழுத்திட்டார்கள். பிள்ளைகளின் சுமை பெரிதுதான். தினந்தோறும் அந்தப் பைகளைப் பார்க்கிறவர்கள் நாம். ஆனால் எத்தனையோ பாடங்கள் இருக்க, குறைக்க வேண்டும் என்றதும் கத்தரிக்கோல் இவற்றைத் தேடிப் போவானேன்?

உலகம் எங்கும் இதே கதை

2011-ல் நாம் செய்த காரியத்துக்கு ஜப்பானில் ஒரு முன் உதாரணம் உண்டு. 1945-ம் வருஷம் யுத்தத்தில் தோற்றபின், யுத்த வெறியைத் தூண்டிய பாடங்களை நீக்க வேண்டியதாயிற்று. புதுப் புத்தகம் அச்சடிக்கக் காகிதம் இல்லை. ஆகவே, உபாத்தியாயர் வரிகளைப் படித்துச் சொல்ல, குழந்தைகளே தூரிகையால் தங்கள் புத்தகத்தில் கறுப்பு மை தடவினார்கள். நீக்கிய பாடங்கள் நீக்கத் தக்கவைதான். என்றாலும், நேற்று வரையில் எழுந்து நின்று மரியாதையுடன் படிக்கச் சொன்ன அதே உபாத்தியாயர் இன்று மை தடவச் சொன்னபோது, பெரியவர்களிடம் வைத்திருந்த நம்பிக்கை போயிற்று என்று அந்தத் தலைமுறையார் பலர் பிற்காலத்தில் எழுதியிருக்கிறார்கள். அதே நாட்டில் இயெனாகா ஸபுரோ என்ற சரித்திர ஆசிரியர், தம்முடைய பாட புத்தகத்தில் சர்க்கார் கை வைத்ததை எதிர்த்து 1965-ம் வருஷம் வழக்குத் தொடுத்தார். 1997-ம் வருஷம் வரையில் முப்பத்திரண்டு வருஷம் விடாமல் நடத்தினார். சீனாவில் ஜப்பானிய ராணுவம் உயிருள்ள மனிதர்கள்மேல் நடத்திய கொடும் பரிசோதனைகளைப் பற்றிய குறிப்பை நீக்கச் சொன்னது சட்ட விரோதம் என்று இறுதியில் அந்நாட்டு உச்ச நீதிமன்றமே ஒப்புக்கொண்டது.

ருஷியாவில் நடந்தது வேடிக்கை. அங்கே பேரியா என்ற போலீஸ் மந்திரி 1953-ம் வருஷம் பதவியிழந்து, மரண தண்டனையும் அடைந்தார். பெரிய கலைக்களஞ்சியத்தில் அவரைப் பற்றி நீண்ட கட்டுரை ஏற்கெனவே வெளியாகியிருந்தது. சந்தாதாரர்களுக்கு ஒரு கடிதம் வந்தது: அந்த ஏடுகளைக் கத்தரித்து எடுத்துவிட்டு, உடன் அனுப்பியிருக்கும் ஏடுகளை ஒட்டிக் கொள்ளவும்! புது ஏடுகளில் பேரிங் கடலைப் பற்றி விஸ்தாரமாக எழுதியிருந்தது. ஒரு மனிதரை மறைக்க ஒரு சமுத்திரமே தேவையாயிற்று.

அமெரிக்காவில் 1925-ம் வருஷம் டெனஸி மாகாணத்தில் பரிணாமத் தத்துவத்தைப் போதித்த குற்றத்துக்காக ஸ்கோப்ஸ் என்ற உபாத்தியாயருக்கு நூறு டாலர் அபராதம் விதித்தார்கள். அந்தச் சட்டம் 1967-ம் வருஷம்வரை ரத்தாகவில்லை. ஆனால் அதே நாட்டில், பள்ளி நூலகத்திலிருந்து புத்தகங்களை அகற்றியதை எதிர்த்து, பிக்கோ என்ற மாணவன் தோழர்களுடன் வழக்குத் தொடுத்து உச்ச நீதிமன்றம்வரை போனான். கருத்துப் பிடிக்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காகப் பள்ளி நிர்வாகம் புத்தகத்தை நூலகத்திலிருந்து எடுக்கலாகாது என்பது 1982-ம் வருஷத்துத் தீர்ப்பின் சாரம். நீதிபதிகளுக்குள்ளேயே பலத்த அபிப்பிராய பேதம் இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். விஷயம் அவ்வளவு எளிதல்ல.

தேர்ந்தெடுப்பதும் மறைப்பதும்

'அப்படியானால் பள்ளிக்கூடத்தில் எதை வேண்டுமானாலும் வைக்கலாமா?' என்று பெற்றோர்கள் கேட்பது காதில் விழுகிறது. நாமும் பெற்றோர்தான். வைக்கலாகாது என்றே சொல்கிறோம்.

பாட புத்தகம் என்பது இருநூறு பக்கம். உலகமோ பெரிது. ஒன்றைச் சேர்த்தால் இன்னொன்றை விட்டுத்தான் ஆக வேண்டும். ஏழு வயதுக் குழந்தைக்கு ஏற்றது வேறு. பதினேழு வயதுப் பிள்ளைக்கு ஏற்றது வேறு. தாயார் குழந்தைக்குப் பருப்புச் சாதத்தைப் பிசைந்து கொடுத்து, மிளகாயைத் தள்ளி வைக்கிறாள். அதை யாரும் அடக்குமுறை என்று சொல்வதில்லை. பெரியவனான பிறகும் அவன் தட்டை எட்டிப் பார்த்து மிளகாயைப் பொறுக்கினால்தான் சண்டை வருகிறது.

தேர்ந்தெடுப்பதற்கும் மறைப்பதற்கும் வித்தியாசம் காண நாம் மூன்று கேள்விகள் வைத்திருக்கிறோம். முடிவு செய்தவர்கள் அந்தத் துறையைக் கற்றவர்களா, அதிகாரம் மாத்திரம் உள்ளவர்களா? காரணத்தை எழுதிக் கையெழுத்திட்டு வெளியிட்டார்களா, வாய்மொழியாக 'எடுத்துவிடு' என்றார்களா? எடுத்த பிறகு, உண்மையில் என்ன நடந்தது என்பது பிள்ளைக்கு வேறு வழியிலாவது தெரியுமா, தெரியாமலே போய்விடுமா? முதல் விதமான பதில் மூன்றுக்கும் கிடைத்தால் அது தேர்வு. இரண்டாவது விதமான பதில் கிடைத்தால், அதற்கு என்ன பெயர் வைத்தாலும், அது பசையும் காகிதமுந்தான்.

பூட்டிய பீரோ

இத்தனையும் பேசுகிற நாம் பிற்பாடு எப்படி நடந்துகொண்டோம் என்பதையும் சொல்லாவிட்டால் நியாயமாகாது.

பீர்க்கன்கரணை இப்போது தாம்பரம் மாநகராட்சியில் சேர்ந்துவிட்டது. ஜி.எஸ்.டி. ரோடில் விடியற்காலையிலிருந்தே வண்டிகள் ஓய்வதில்லை. ஆனாலும் மாலையில் ஏரிப் பக்கம் காற்று வீசத்தான் செய்கிறது. அங்கே சில வருஷங்களுக்கு முன்பு ஒரு நாள், நமது மாணவன் ஒருவனுடைய தகப்பனார் நம்மை மறித்துக் கொண்டார். கையில் பள்ளி நூலகத்துச் சிறுகதைப் புத்தகம். ஒரு பக்கத்தை மடித்து வைத்திருந்தார்.

"வாத்தியார் ஐயா, இதைப் படியுங்கள். எங்கள் ஜாதிக்காரரை இப்படியா எழுதுவது? பிள்ளைகள் படிக்கிற இடத்தில் இது இருக்கலாமா?"

"முழுக் கதையையும் படித்தீர்களா?" என்று நாம் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. "தலைமை ஆசிரியரிடம் சொல்லுங்கள்" என்று நழுவினோம். அவர் சொன்னார். தலைமை ஆசிரியருக்கு வேறு நூறு தொல்லைகள். புத்தகம் பீரோவுக்குள் போயிற்று, பூட்டு விழுந்தது. காரணம் ஒருவரும் எழுதவில்லை. பசை தடவிய கை இப்போது சாவியைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தது.

அன்றிரவு அந்தக் கதையை எடுத்து முழுவதும் படித்தோம். நம்மிடம் சொந்தப் பிரதி இருந்தது. அவர் காட்டிய பக்கத்தில் ஒரு கொடியவன் அந்த வார்த்தைகளைச் சொல்கிறான். அடுத்த நாலு பக்கத்தில் கதை அவனைத் தலைகுனிய வைக்கிறது. வாராந்தர அழுக்குத் துணியில் ஒரு சட்டையை மாத்திரம் எடுத்துக் காட்டி வீட்டையே இழித்துப் பேசலாமா?

இந்தத் தடவை நாம் சும்மா இருக்கவில்லை. தலைமை ஆசிரியரிடம் போய் ஒரு யோசனை சொன்னோம். ஆட்சேபம் எழுத்து மூலமாக வரட்டும். ஆட்சேபிக்கிறவர் உட்பட இரண்டு பெற்றோர்களும் இரண்டு உபாத்தியாயர்களும் முழுப் புத்தகத்தையும் படிக்கட்டும். கூடிப் பேசி முடிவையும் காரணத்தையும் எழுதி வைக்கட்டும். அவர் பெருமூச்சு விட்டார், ஆனால் ஒப்புக்கொண்டார். கூட்டம் போட இரண்டு மாதம் பிடித்தது. அந்தத் தகப்பனார் முழுக் கதையையும் படித்துவிட்டு வந்திருந்தார். படித்தும் அவருக்குக் கதை பிடிக்கவில்லை. அதை மறைக்காமல் சொன்னார். "அந்த வார்த்தையைப் படித்தால் என் அப்பாவை ஒருவன் தெருவில் கூப்பிட்டது ஞாபகம் வருகிறது, ஐயா" என்றார். அறையில் சற்று நேரம் பேச்சு இல்லை. பிறகு அவரே, "பெரிய வகுப்புப் பிள்ளைகள் படிக்கட்டும். ஆனால் நீங்கள் சொல்லிக் கொடுத்துப் படிக்கட்டும்" என்றார்.

புத்தகம் பீரோவிலிருந்து நூலக அலமாரிக்குத் திரும்பி வந்தது. மேலட்டையில், '9-ம் வகுப்புக்கு மேல்' என்று ஒரு சீட்டு ஒட்டினோம். நமது கையாலேயே ஒட்டினோம். இதுவும் பசையும் காகிதமுந்தான். ஆனால் இதன் அடியில் எழுத்து ஒன்றும் இல்லை.

நேயர்களே! உங்கள் குழந்தை வீட்டுக்குக் கொண்டு வரும் புத்தகத்தில் ஒரு நாள் உங்களுக்கும் ஏதேனும் ஒரு பக்கம் பிடிக்காமல் போகலாம். போகட்டும். பள்ளிக்கூடத்துக்கு வாருங்கள், தாராளமாக ஆட்சேபியுங்கள். உங்கள் மன வருத்தத்தை உபாத்தியாயர்களும் தெரிந்துகொள்ள வேண்டியதுதான். ஒரே ஒரு பிரார்த்தனை: வருவதற்கு முன்னால் முழுப் புத்தகத்தையும் படித்துவிட்டு வாருங்கள். படிக்கும்போது குழந்தையையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். "இதில் என்ன தப்பு?" என்று அது கேட்டால், நாம் எட்டாம் வகுப்பில் சொன்னதுபோல் அடுத்த பக்கத்தைத் திருப்பச் சொல்லாதீர்கள்.